தாளிக்காத நாட்கள்

இப்போதும் எண்ணெயில் கடுகு வெடித்தால் விசாலாட்சிக்குக் கோலியனூர் வீடுதான் ஞாபகத்துக்கு வரும். நடுவில் சுவர் எழுப்பிய வீடு. கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு, அவள் புருஷன் சுப்புராயனும் கொழுந்தன் சின்னதுரையும் பாகம் பிரித்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஓரகத்தி பவுனு குழம்பு தாளித்தால் இந்தப் பக்கம் எல்லோரும் தும்முவார்கள். பேச்சு நின்று நாலு வருஷமாகியும் தும்மல் மட்டும் நிற்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், தை முடிந்த கையோடு சுப்புராயனுக்குக் காமாலை கண்டது. கண், நகம் எல்லாம் மஞ்சள். எண்ணெய் வாசனை பட்டாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி. விழுப்புரத்தில் டாக்டர் வெங்கடாசலம் பார்த்துவிட்டு, ஈரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, இதற்கென்று மருந்து கிடையாது, தானாகத் தேறினால் உண்டு என்று சொல்லிவிட்டார்.

அப்போது ஆஸ்பத்திரி வாசலில் சின்னதுரை வந்து நின்றான். யார் சொல்லி வந்தானோ. அண்ணி முகத்தைப் பார்க்காமல் நேரே டாக்டரிடம் போனான். அமெரிக்காவில் ஈரலை மாற்றிவைத்தார்களாமே என்று கேட்டான். போன வருஷம் ஒரு சின்னப் பிள்ளைக்கு வைத்தார்கள், அது பிழைக்கவில்லை என்றார் டாக்டர்.

"என்னுதுல பாதிய அறுத்துக்கினு அவருக்கு வைச்சிடுங்க சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. உடம்புக்குள்ளே காவல்காரர்கள் உண்டு, ஈரலிலேயே குடியிருக்கிறார்கள், வேற்றுச் சதை நுழைந்தால் அடித்து விரட்டுவார்கள், இப்போதும் நோயைத் துரத்துகிறேன் பேர்வழி என்று ஈரலைப் பாதி பாழாக்கியது அவர்கள்தான் என்று பொறுமையாக விளக்கினார்.

"நான் எப்டி சார் வேத்தாளு ஆவேன்? ஒரே வயித்துல பொறந்தவன்."

"அந்தக் காவல்காரங்களுக்கு அண்ணன் தம்பியெல்லாம் தெரியாதுப்பா."

சின்னதுரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். விசாலாட்சியும் அழுதாள். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீம்பு அப்படி.

புருஷனை வீட்டுக்குக் கூட்டிவந்து கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தாள். சமையல் நேரம் வந்தாலே அவளுக்குப் பயம். பவுனு தாளித்தால் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும். அவளைத் திட்டுவதற்கு நல்ல வசவுகளாகப் பொறுக்கி வைத்திருந்தாள். ஆனால் நாள் போனதே ஒழிய, அந்தப் பக்கம் கடுகு வெடிக்கவே இல்லை. ஊரில் இல்லையோ என்று துவைக்கிற கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். பவுனு பிள்ளைகளுக்குக் கேப்பைக் கூழும் பச்சை வெங்காயமும் வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு வேண்டுமென்று அழுத கடைக்குட்டிக்கு முதுகில் ஒன்று விழுந்தது. பெரியப்பாவுக்கு ஆகாது என்று தெரியாதா என்று அதட்டினாள். விசாலாட்சி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டாள். பொறுக்கி வைத்த வசவுகள் எங்கே போயினவோ.

பங்குனியில் சுப்புராயனுக்குக் கண் வெளுத்தது. யாருடைய ஈரலும் கேட்காமல் அவருடையதே தேறிக்கொண்டது. ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, நாக்கு செத்துப் போய்விட்டது, காரமாக ஏதாவது கொடு என்று சத்தமாகக் கேட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. நாலு வருஷமாக விசாலாட்சியைக் கூப்பிடாத குரல் கூப்பிட்டது.

"அக்கா, இன்னிக்கு தாளிக்கட்டுமா?"

விசாலாட்சி மறுபடியும் துவைக்கிற கல்மேல் ஏறி நின்றாள்.

"தாளிடி. எங்களுக்கும் சேத்தே தாளி."