தேதி தீர்ந்த வீடு

எங்கள் வீட்டில் நூற்றுப் பதினொரு நாளாக ஆறாம் தேதி, வியாழக்கிழமை. ஏழாம் தேதி வரவில்லை. அது வங்கியிடம் இருக்கிறது. எட்டும் ஒன்பதும் அங்கேதான்.

இது எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. சொல்கிறேன், எளிதுதான்.

கிரெடிட் கார்டுக்குப் பணம் கட்டாவிட்டால் வங்கியிலிருந்து ஒருவர் போன் செய்வார். "எப்பக் கட்டுவீங்க? ஒரு தேதி சொல்லுங்க," என்பார். நாம் வெள்ளிக்கிழமை என்போம். சொன்ன நிமிடத்தில் அந்த வெள்ளிக்கிழமை நம் வீட்டிலிருந்து கிளம்பி அவர்கள் கிடங்குக்குப் போய்விடும். பணம் கட்டினால் திரும்பி வரும். கட்டாவிட்டால் அங்கேயே இருக்கும்.

என்னிடம் நான்கு கார்டுகள். கார்டுக்கு இரண்டு போன். ஆக, ஒரு நாளைக்கு எட்டுத் தேதிகள் வெளியே போகும். உள்ளே வருவது ஒன்று. நான் பம்ப் மோட்டார் மெக்கானிக். மணிக்கு ஒரு குடம் ஊறும் கிணற்றில் எட்டுக் குடம் இறைத்தால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் நானே விளக்கியிருக்கிறேன்.

முதலில் வெள்ளிக்கிழமைகள் தீர்ந்தன. பிறகு ஒன்றாம் தேதிகள். கடைசியில் அஷ்டமி, நவமி கூடப் போய்விட்டன.

என் மனைவி பூங்கொடிக்கு நிறைமாதம். டாக்டர் பதினாலாம் தேதி என்றிருந்தார். பதினாலு வராததால் குழந்தையும் வரவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வலி வரும். சுவரில் காலண்டரைப் பார்க்கும். திரும்பிப் போய்விடும்.

காலண்டர் அச்சகத்தில் ஸ்டிரைக் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். கார்டுகளைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு கார்டின் மினிமம் தொகையை இன்னொரு கார்டில் தேய்த்துக் கட்டி, கடனை ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரை வளர்த்திருந்தேன்.

இன்று அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, யாருகிட்டயாவது குடுத்துப்போட்டீங்களா?"

"என்னத்த?"

"தேதிய."

நான் காலண்டரைப் பார்த்தேன். "ஆமா அம்மிணி. கார்டுக் கடனுக்கு."

"எதுவரைக்கும்?"

"ரெண்டாயிரத்து நாப்பதுவரைக்கும்."

"நம்ம கல்யாண நாளு?"

"அது பூராவும் போயிருச்சு."

அவள் அழவில்லை. "நாலு மாசமா எந்த ஊர்ல ஸ்டிரைக் நடக்குதுன்னு அப்பவே நெனச்சேன். போயி ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க. பதினாலுதான் வேணும்னு இல்ல. எதுன்னாலும் பெத்துக்கறேன்."

கிடங்கு என்பது ஒரு நீண்ட வராந்தா. இரண்டு பக்கமும் கதவுகள். கதவுக்கு ஒரு தேதி. வராந்தாவின் முடிவில் கவுன்ட்டர் தெரிந்தது. நடந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது.

"வர்ற திங்கக்கெழம கட்டிடறேங்க," என்றேன். பழக்கம்தான்.

வராந்தாவில் ஒரு கதவு கூடியது. கவுன்ட்டர் நாலடி தள்ளிப் போனது.

மறுபடியும் போன். மறுபடியும் நாலடி. நல்ல அமைப்பு. ஒரு வாக்குக்கு ஒரு கதவு, ஒரு கதவுக்கு நாலடி. அடுத்த போன் வருவதற்குள் நாலடிக்கு மேல் கடந்துவிட்டால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஓடினேன்.

கவுன்ட்டரில் ரெஜினா என்று பெயர்ப் பலகை வைத்த பெண் இருந்தார். முகம் புதிது. குரல் தெரிந்த குரல்.

"நீங்க..."

"ஆமாங்க. காலைல பத்தேகால் நான்தான்."

"சாயங்காலம் அஞ்சரை?"

"அது பக்கத்து சீட்டுக்காரர். லீவுங்க."

"ஒரு தேதி வேணுமுங்க. வீட்ல பிரசவம்."

"தரலாங்க. எப்பத் திருப்பிக் குடுப்பீங்க? ஒரு தேதி சொல்லுங்க."

வாய் தானாகத் திறந்தது. பம்பில் ஃபுட் வால்வு என்று ஒன்று உண்டு. மேலே ஏறிய தண்ணீரைக் கீழே இறங்கவிடாது. இரண்டு வருடமாக என் தொண்டையில் அப்படி ஒன்று இருந்தது. ஏறிய தேதி எதுவும் இறங்கியதே இல்லை. இன்று அந்த வால்வு பழுதாகிவிட்டது. நாக்கு நுனிவரை வந்த வெள்ளிக்கிழமை வயிற்றுக்குள் திரும்பிப் போனது.

"கட்ட முடியாதுங்க," என்றேன்.

"வெள்ளிக்கெழமயா?"

"எந்தக் கெழமயும் முடியாதுங்க. என்கிட்ட இல்ல."

ரெஜினா கம்ப்யூட்டரில் தேடினார். நாளை என்று இருந்தது. வெள்ளி இருந்தது. சம்பளம் வந்ததும், சீட்டு எடுத்ததும், மச்சான் அனுப்பியதும் எல்லாம் இருந்தன. முடியாது என்பது இல்லை.

"சார்," என்று கூப்பிட்டார். "இங்க ஒருத்தர் முடியாதுங்கறார்."

மேனேஜர் வந்தார். பாதி சாப்பாட்டில் எழுந்து வந்த கை. குனிந்து, கடைசி இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை இடது கையால் எடுத்தார். நின்றபடி ஒரு முறை படித்தார். உட்கார்ந்து ஒரு முறை படித்தார். பிறகு விதியைச் சொன்னார்.

வாக்குக் கொடுத்தவனின் தேதியைத்தான் பிடித்து வைக்கலாம். முடியாது என்று எழுதிக் கொடுத்தவனிடம் வாக்கு இல்லை. வாக்கு இல்லாத இடத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக ஓடும் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை.

"ஆனா கடன் போயிராதுங்க," என்றார் மேனேஜர். "உங்க வருமானத்தப் பாத்து, மாசம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுப்போம். இனிமே எந்த பேங்க்கும் உங்களுக்குக் கார்டு தராது."

"எந்த பேங்க்குமேவா?"

"எதுவுமே. ஏழு வருஷத்துக்கு."

"ரொம்ப நன்றிங்க," என்றேன்.

தாளில் ஒரே கேள்வி. முடியுமா? முடியாது என்று எழுதினேன்.

தேதிகளை முப்பது முப்பதாகச் சணலில் கோத்துக் கட்டி, ஒரு குட்டி யானை சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். ரெஜினா கூடவே நின்று எண்ணிக் கொடுத்தார்.

"பதினால மட்டும் எலி கடிச்சிருச்சுங்க. கோச்சுக்காதீங்க."

"பரவால்லீங்க. இனிமே பத்தேகாலுக்கு என்ன பண்ணுவீங்க?"

"டீ குடிப்பேன். உங்ககிட்டப் பேசிப் பேசியே ரெண்டு வருஷமா ஆறின டீங்க," என்றார்.

பூங்கொடி வாசலிலேயே நின்றிருந்தாள். மேலே இருந்த கட்டைப் பிரித்து, புடவை எடுப்பதுபோல் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"பதினொண்ணு, செவ்வாய். இது நல்லாருக்கு."

"ஏழு, எட்டு, ஒம்பது, பத்து?"

"அதையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். ஆட்டோவக் கூப்புடுங்க."

வலி வந்தது. இந்த முறை நேராக உள்ளே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தேதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் சணல் கோத்த ஓட்டை இருந்தது.

"பழசுங்களா?"

"பழசுதான். யாரும் உபயோகிக்கலீங்க."

அதைப் பதிவேட்டில் ஒட்டினார்.

பெண் குழந்தை. நாலு கிலோ நூறு கிராம். ஒரு பல்லும் இருந்தது. நூறு நாளுக்கு மேல் கூடுதலாக உள்ளே இருந்தவளுக்கு இது அதிகமில்லை என்று டாக்டர் சொன்னார்.

குழந்தை பிறந்தபோது சாயங்காலம் மணி ஐந்தேகால். அம்மாவும் பெண்ணும் தூங்கினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமையில் இன்னும் ஆறே முக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது. அதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

கேன்டீனுக்குப் போகலாமா என்று யோசித்தேன். அவசரமில்லை என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.