அண்ணன் நிலையமா, புருஷன் நிலையமா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் கற்பனையில் உதித்த கதை இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போன இடத்தில் ஒட்டுக்கேட்டது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "ஏரி நீர் மௌனமாக நிலையத்துக்குள் நுழைந்து..." (சீ, நிறுத்து. மோட்டார் போடுகிற கூச்சலில் ஏது மௌனம்?)

சரி, நேராகவே சொல்கிறேன். ஊருக்கு இரண்டு குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்கள். குடிநீர் வாரியத்தில் ஒரு இன்ஜினியரம்மா. கிழக்கு நிலையம் அவள் அண்ணன் பொறுப்பில், மேற்கு நிலையம் அவள் புருஷன் பொறுப்பில். குறைந்த மின்சாரத்தில் நல்ல தண்ணீர் தருவது மட்டும் இருக்கட்டும், மற்றதை மூடிவிடலாம் என்றது தலைமை அலுவலகம். ஒப்பிட்டுச் சொல்லும் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.*

* "அண்ணனும் புருஷனும் சார்" என்று சொல்லிப் பார்த்தாள். "வேற ஆளில்லம்மா" என்றார்கள்.

2

ஒப்பீடு நடந்த வாரம் முழுக்கக் கூத்துதான். புருஷன் ஆபீஸ் ஃபேனை நிறுத்திவிட்டு அட்டையால் விசிறிக்கொண்டார். அண்ணன் பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ராட்சச மோட்டார்கள் மின்சாரத்தை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தன.

"மாப்பிள்ளை ஏதோ தில்லுமுல்லு பண்றாரும்மா" என்று அண்ணன் போன் போட்டார்.

"உங்கண்ணன் மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்றார் புருஷன்.

(இங்கே அண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. தங்கையைப் படிக்கவைத்த மனிதர்.)

3

தண்ணீரின் தெளிவிலும் குளோரின் அளவிலும் இரண்டு நிலையங்களும் சமம். மின்சாரத்தில்தான் மேற்கு நிலையம் மயிரிழை அதிகம். புருஷன் தோற்றுவிட்டார்.

இன்ஜினியரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேற்கு நிலைய வளாகத்துக்குள்ளேயே இருக்கும் தன் வீட்டுக்கு வந்து ஏசியைப் போட்டாள். போட்டதும் திக்கென்றது. இந்த வீட்டுக்குத் தனி மீட்டரே கிடையாது! ஏசி, கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் கட்டிய நாளிலிருந்து நிலையத்து மீட்டரில்தான் ஓடுகின்றன. வீட்டுச் செலவைக் கழித்துப் பார்த்தாள். புருஷன் நிலையம் ஜெயித்தது.

"என்னங்க, ஆபீஸ் ஃபேனை நிறுத்தத் தெரிஞ்சுது, வீட்டு ஏசி ஞாபகம் வரலையா?"

"வீடு வேற, ஆபீஸ் வேறன்னு நீதானே எப்பவும் சொல்லுவே!"

4

மீட்டர் விஷயத்தை எழுதினால் அண்ணன் வேலை போகும். புருஷனுக்காகக் கணக்கை மாற்றிவிட்டாள் என்று ஊரும் பேசும். எழுதாவிட்டால் புருஷன் வேலை போகும், இந்த வீடும் போகும், அறிக்கையும் பொய்யாகும். அறிக்கையை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். நானும்தான்.

முடிவு ஒன்று: பெருமழை கொட்டி... ("ஏங்க, மழை பெஞ்சா மீட்டர் மாறுமா?" என்று கதைக்குள்ளிருந்தே கேட்கிறாள். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: தலைமை அதிகாரி மனம் இளகி... (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

5

காலையில் அறிக்கை போயாக வேண்டும். என்னால் ஆகாது சாமி, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தனிக்கட்டை, சாயங்காலம் வேலை முடிந்தால் சாப்பாடு தங்கை வீட்டில்தான். இதோ, வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்.

"மாப்பிள்ளை, பசி உயிர் போகுது. தட்டை வைக்கச் சொல்லுங்க."

"வாங்க மச்சான், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எந்த நிலையத்தை மூடுவதென்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியானால் உள்ளே வந்து நீங்களே பரிமாறுங்கள்.