மூன்றாம் படியில் திரும்பியவன்

சித்திரை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை முதல், வேங்கிக்காலில் தான் கட்டிய வீட்டுக்குள் இளவரசனால் நுழைய முடியவில்லை. கதவு திறந்தே கிடந்தது, தடுப்பாரும் இல்லை. இரண்டு படி ஏறுவான். மூன்றாம் படியில் கால் வைத்ததும் அவன் முகம் தெருவைப் பார்த்திருக்கும். பால்காரர் உள்ளே போனார், பூனை போனது, கேஸ் சிலிண்டரும் போனது.

அவன் மனைவி அருணாதேவி சென்னை மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாள் அது. காவலுக்கு நிற்க வேண்டிய அணுக்களே உடையவளைப் பகையென்று எண்ணி, சிறுநீரகத்தையும் மூட்டுகளையும் தாக்கும் லூபஸ் நோய் எட்டாண்டுகள் அவளைத் தின்றது. மாத்திரை தோற்றது, ஊசி தோற்றது, முற்பிறவிப் பாவம் என்று தீர்ப்பு வழங்கிய வாய்கள் மட்டும் தோற்கவில்லை. கடைசியில் சோதனைச் சிகிச்சை ஒன்றுக்குக் கையெழுத்திட்டாள். அவள் வெள்ளணுக்களையே பிரித்தெடுத்து, உள்ளிருந்து கெடுப்பவரை அடையாளம் காணும் கொக்கியை ஆய்வுக்கூடத்தில் பொருத்தி, மீண்டும் அவள் உடலில் ஏற்றினார்கள். அது ஐப்பசி மாதம். காய்ச்சல் நூற்று நான்கைத் தொட்டது. ஆறு நாள் அவளுக்குத் தன் பெயர்கூட நினைவில்லை. கணவன் பெயர் மட்டும் இருந்தது. பிறகு அங்கேயே இருந்து, ஆறு மாதத்தில் மெல்லத் தேறினாள். முகத்துச் சிவப்பு மறைந்தது.

"உள்ள வாங்க, சோறு ஆறுது," என்று அன்றாடம் அழைத்தாள். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். அவன் வேண்டிக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போய்வந்தான், படி இளகவில்லை. "எனக்கு ஏத்துன அந்த செல்லு உடம்புக்கு வெளியவும் வேலை செய்யுமா டாக்டர்?" என்று தொலைபேசியில் கேட்டாள். பக்கவிளைவுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார் மருத்துவர்.

ஒன்பதாம் நாள், கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை விவசாயி அப்பாசாமி வந்தார். எதிர்ச்சாரியில் நின்ற இளவரசன் பதறி ஓடிவந்து, "மாமா, உள்ள போவாதீங்க!" என்று கத்தினான். மூன்றாம் படி அவனைத் திருப்பியது. அப்பாசாமி தடையின்றி உள்ளே போய், அவளைப் பார்த்து நின்றார்.

"நீ யாரும்மா?"

"அவரு சம்சாரம்ங்க."

"அப்ப செத்தது யாரு?"

அவர் மகள் இனியாவுக்கும் இளவரசனுக்கும் மாசியில் தட்டு மாற்றியிருந்தார்கள். "பொண்டாட்டி ஐப்பசியிலயே போய்ச் சேந்துட்டான்னாரும்மா. கல்யாணப் பத்திரிகை அடிக்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க பேரு கேக்க வந்தேன்."

தான் செத்ததாகச் சொன்ன தேதியைக் கேட்டாள். அந்த ஆறு நாட்களில் ஒன்று. நோய் அவளைப் பகையென்றுதான் எண்ணியது. இவனோ இல்லையென்றே அறிவித்திருந்தான். நோய்க்காவது அவள் உயிரோடிருப்பது தெரிந்திருந்தது!

அப்பாசாமிக்கு மோர் கொடுத்தாள். "அருணா, அவரு சொல்றத நம்பாத," என்றது வெளியிலிருந்து ஒரு குரல். "நான் இன்னும் நம்பலீங்க, என் ரத்தம்தான் முன்னாடியே நம்பிடுச்சு," என்றாள். அன்றைக்கு அவனைச் சாப்பிட அழைக்கவில்லை. அதன்பின் என்றைக்கும் அழைக்கவில்லை. அவன் சட்டைகளை இஸ்திரிக்காரர் தெருவில் வைத்தே கொடுத்தார். ஆடியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அலுவலர் வல்லரசு, படியருகே நின்றவனை ஒருமுறை பார்த்தார்; குடியிருப்போர் ஒருவர் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.