பச்சையாகவே இருந்த வத்தல்மலை

சோதனைக்காக வயரைப் பிடுங்கினால் எச்சரிக்கை வந்தது. வயர் உண்மையிலேயே அறுந்தபோது வரவில்லை. சமரீனுக்கு இது பிடிபடவே இல்லை.

தருமபுரியில் அல்தாப் நடத்தும் சிறிய இணைய நிறுவனத்தில் நெட்வொர்க்கைக் கவனிப்பது அவள் வேலை. வத்தல்மலையில் அவர்களுடைய ரூட்டர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தகவல் கீழே வர இரண்டு வழிகள். ஒன்று, தருமபுரியைப் பார்த்த பெரிய டிஷ். அது போனால் இண்டூர் பக்கம் பார்த்த சின்ன டிஷ். சின்னதில் பெயருக்குத்தான் இணையம் இருக்கும். ஒரு பக்கம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

அலுவலகத் திரையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்டம் உண்டு. கண்காணிப்பு மென்பொருள் அவ்வப்போது ரூட்டரைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கும். வத்தல்மலை ரூட்டர் சின்ன டிஷ் வழியாகவாவது பதில் சொல்லிவிடும். கட்டம் பச்சையாக இருக்கும். பெரிய டிஷ் போனது தெரிய வேண்டுமானால், யாரும் கேட்காமல் ரூட்டரே கத்த வேண்டும். அந்தக் கத்தலுக்குப் பெயர் டிராப். அது வந்தால் கட்டம் சிவப்பாகும். ஆனால் ரூட்டர் ஒரு தடவைதான் கத்தும். கேட்டதா இல்லையா என்று திரும்பிப் பார்க்காது.

கேபிள் வேலை பார்க்கும் வீரமணி வேறு காரியமாக மலைக்குப் போனபோது, பெரிய டிஷ்ஷின் கேபிளைக் குரங்குகள் கடித்துத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தான். கடித்த இடம் கறுத்துப் போயிருந்தது. வாரக்கணக்கில் அப்படியே கிடந்திருக்க வேண்டும். புதுக் கேபிளை மாட்டிவிட்டுக் கூப்பிட்டான்.

"மேடம், இத்தன நாளா உங்க ஸ்கிரீன்ல வத்தல்மலை என்ன கலருங்க?"

"பச்சை."

"மலைன்னா பச்சையாத்தான இருக்கும்," என்று சிரித்தான்.

சமரீனால் சிரிக்க முடியவில்லை. அந்த வாரங்களில்தான் மணிமேகலை ஓயாமல் கூப்பிட்டிருந்தாள். மலையில் இ-சேவை மையம் நடத்துபவள் அவள். "நெட்டு வரலீங்க சமரீன்" என்பாள். சமரீன் திரையைப் பார்ப்பாள். பச்சை. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குக்கா. உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு."

மணிமேகலையின் மையத்தில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் மூலையில் மட்டும். போனை அங்கே வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நாற்காலியில் இருந்தபடியே சத்தமாகப் பேசுவாள். சான்றிதழுக்குக் காத்திருந்த எல்லோருடைய காதிலும் சமரீனின் பதில் விழுந்தது.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமரீன் காலைப் பேருந்தில் மலையேறினாள். மையத்தின் பெஞ்சில் இரண்டே பேர். காசியம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண், அவளுடைய தம்பி முனிராஜ்.

"வாங்க மேடம்," என்றாள் மணிமேகலை. போனில் பெயர் சொல்லிப் பேசியவள்.

"கூட்டமே இல்லையேக்கா?"

"எல்லாரும் பஸ் புடிச்சு தருமபுரிக்குப் போயிடறாங்க. எனக்கு வேலை தெரியாதாம். நீங்க சொன்னத நம்பி கம்ப்யூட்டர அரிசிப் பையில போட்டு, பஸ்ல மடியில வச்சிக்கிட்டே ரிப்பேர் கடைக்குப் போனேங்க. ஒண்ணுமில்லன்னு திருப்பிக் குடுத்தாங்க. இப்படியே போனா மாசக் கடைசியில மூடிட வேண்டியதுதான்."

சமரீன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த ரூட்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் தேவைப்படாதபோதும் சிறிது நேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை ஜன்னல் மூலையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு அல்தாபைக் கூப்பிட்டாள்.

"பாய், நம்ம சர்வருக்கு வர்ற தகவல் பாக்கெட்ட அப்படியே பாத்துக்கிட்டு இருங்க. ஒவ்வொரு வயரா எடுக்கறேன்."

முதலில் மையத்தின் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர். எப்போதும் அவள் சோதிப்பது அதைத்தான்.

"வந்துருச்சும்மா. அனுப்புன அட்ரஸ் பத்துல முடியுது. கட்டமும் சிவப்பு."

அதை மாட்டி, கட்டம் மறுபடி பச்சையானதும் பெரிய டிஷ்ஷின் வயரைப் பிடுங்கினாள். இதை அவள் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை.

"இதுவும் வந்துச்சு," என்றார் அல்தாப். பிறகு, "ஆனா பச்சையாவே இருக்கே. இரு, அட்ரஸ் வேற. முப்பதுல முடியுது."

சமரீனுக்குப் புரிந்துவிட்டது. டிராப் எந்த வழியாக வெளியேறுகிறதோ அந்த வழியின் முகவரிதான் அனுப்புநர் முகவரியாக ஒட்டிக்கொள்ளும். பெரிய டிஷ் வழியாகப் போனால் பத்து. அது அறுந்தால் சின்ன டிஷ், அப்போது முப்பது. டிராப் வரும் முகவரியாக மென்பொருளுக்குப் பத்து மட்டும்தான் தெரியும். தெரிந்தவர் அடுத்தவர் போனிலிருந்து கூப்பிட்டால் புது நம்பர் என்று நாம் எடுக்காமல் விடுவதுபோல, அது அந்தக் கத்தலை ஒதுக்கிவிட்டது. பெரிய டிஷ் நன்றாக இருக்கும்போது வந்த சோதனை டிராப்பைப் பார்த்து, அந்த முகவரியை மட்டும் மென்பொருளில் சேர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போனவள் அவள்தான்.

"என்னாச்சுங்க?" என்றாள் மணிமேகலை.

"பேக்கப் பாத்ல போகும்போது சோர்ஸ் அட்ரஸ் மாறிடுதுக்கா, அதனால..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. யாரு தப்பு?"

சமரீன் பெரிய டிஷ்ஷின் வயரைத் திரும்ப மாட்டினாள். "என் தப்புதான்க்கா."

"என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவங்ககிட்ட சொல்லுங்க."

சமரீன் பெஞ்சின் பக்கம் திரும்பினாள். "மணிமேகலை அக்கா மேலயோ அவங்க கம்ப்யூட்டர் மேலயோ ஒரு தப்பும் இல்லைங்க. கேபிள் அறுந்திருந்துச்சு. எனக்குத் தெரியல. தெரியாமலே எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"உங்க ஊருல பச்ச வெளக்கு எரிஞ்சுதாக்கும்," என்றாள் காசியம்மாள். "இங்க எங்க வயிறில்ல எரிஞ்சுது. வருமானச் சான்றுக்கு எத்தன நடை!"

"வுடுக்கா, பாவம்," என்றான் முனிராஜ்.

"நீ சும்மா இருடா. ஏம்மா, இதே கொரங்கு நாளைக்கும் வந்து கடிக்கும். அப்ப மட்டும் ஒனக்கு எப்படித் தெரியும்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு மன்னிப்பு பதில் ஆகாது. பெஞ்சின் ஓரத்தில், காசியம்மாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

முப்பதையும் மென்பொருளில் சேர்த்துவிடலாம். ஆனால் நாளை மூன்றாவது வழி ஒன்று வந்தால் இதே கதைதான். எந்த டிஷ்ஷுக்கும் சொந்தமில்லாத, ரூட்டருக்கே உரிய நிரந்தர முகவரி ஒன்று இருக்கிறது. மென்பொருள் 'இருக்கிறாயா' என்று கேட்பதும் அந்த முகவரியைத்தான். எந்த வழியாகப் போனாலும் டிராப் அந்த முகவரியோடுதான் கிளம்ப வேண்டும் என்று ரூட்டரில் ஒரே ஒரு வரி எழுதிச் சேமித்தாள். மென்பொருளிலும் டிராப்புக்கு அதே முகவரியைக் கொடுத்தாள்.

பிறகு பெரிய டிஷ்ஷின் வயரை மறுபடி பிடுங்கினாள். டிராப் சின்ன டிஷ் வழியாக, ரூட்டரின் நிரந்தர முகவரியோடு தருமபுரிக்குப் போனது. வத்தல்மலைக் கட்டம் சிவப்பானது.