பிரதமர் சாப்பிடப் போன வழி

பதவி உயர்வு வரும்போதெல்லாம் செவெரின் பிரபுவின் அலுவலகத்துக்கும் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த நடைக்கூடம் நீண்டுபோனது. அரண்மனையில் எல்லோருக்கும் அப்படித்தான். யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

பிரபு போலந்துக்காரர். போலந்து அப்போது வரைபடத்தில் இல்லை. பக்கத்துப் பேரரசுகள் மூன்றும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டுவிட்டன. நாடு போனால் என்ன, நிலபுலன் இருக்கிறதே என்று மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மூன்றில் ஒரு பேரரசின் தலைநகருக்கே வேலைக்கு வந்துவிட்டார்.

"உள்ள இருந்தாத்தான் ரோசாலியா, நம்ம ஜனங்களுக்கு நாலு நல்லது பண்ண முடியும்" என்றார் மனைவியிடம். பிள்ளைகள் சொந்த பாஷையில் படிக்கப் பள்ளிக்கூடம் வாங்கித் தருவதாக அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஆளுநராக இருந்தபோது சாப்பாட்டுக்கு நடந்தே போனார். மந்திரியானதும் குதிரை தேவைப்பட்டது. பிரதமரான பிறகு சாப்பாட்டு அறையைக் கண்ணால் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து சூப் வரும். வந்து சேர்வதற்குள் பனிக்கட்டியாகிவிடும். சுத்தியலால் உடைத்துச் சாப்பிடுவார். பள்ளிக்கூடம் பற்றிப் பேச வாயெடுத்தால், பேரரசர் அவர் நெஞ்சில் இன்னொரு பதக்கத்தைக் குத்திவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் ரோசாலியா அனுப்பிய வேலையாள் வந்து சேர்ந்தான். கிளம்பும்போது மீசை முளைக்காதவன். இப்போது தாடி நெஞ்சில் புரண்டது.

"அம்மா சொல்லச் சொன்னாங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதல் நட்சத்திரம் தெரியறதுக்குள்ள நீங்க சாப்பிட வந்துடணுமாம். இல்லேன்னா ஊருக்குப் போயிடுவாங்களாம். அப்புறம் வரவே மாட்டாங்களாம்."

"கோபமா சொன்னாளா?"

"இல்லீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

பிரபு பேனாவைக் கீழே போட்டார். ரோசாலியா சிரித்துக்கொண்டே சொன்னால் சொன்னதுதான். அவள் இல்லாத தலைநகரில் தனக்கு என்ன மண்ணாங்கட்டி வேலை? தொப்பியைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

நடைக்கூடத்தின் இரண்டு பக்கமும் பளிங்குச் சிலைகள். சன்னல்களுக்கு வெளியே சூரியனும் கூடவே இறங்கிக்கொண்டு வந்தது. வழியில் பேரரசர் எதிர்ப்பட்டார். கழுத்தில் சாப்பாட்டுத் துண்டு கட்டியிருந்தார்.

"எங்கய்யா இவ்வளவு வேகமா?"

"சாப்பிடப் போறேன் மகாராஜா."

"நானும்தான். காலைப் பலகாரத்துக்குக் கிளம்பினேன்."

"எப்போ?"

"முடிசூட்டின அன்னிக்கு." பேரரசர் பெருமூச்சு விட்டார். "நாட்டுலயே என் நடைக்கூடம்தான் நீளம். தனியா நடக்க முடியலைய்யா. அதான் எல்லாருக்கும் பதவி குடுக்கறேன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்குமே."

பிரபுவுக்குப் பாவமாக இருந்தது. அதற்குள் பேரரசர் குஷியாகிவிட்டார். "உம்மைக் கடற்படைத் தளபதியாவும் ஆக்கிட்டேன்!" என்று ஒரு பதக்கத்தைக் குத்தினார். தூரத்தில் தெரிந்த வீட்டுக் கதவு பட்டாணி அளவுக்குச் சிறுத்தது. சன்னலில் வெளிச்சம் மங்கியது.

வந்ததே பிரபுவுக்குக் கோபம்! அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிப் பக்கத்துச் சிலையின் கழுத்தில் மாட்டினார். "இந்தா, நீயே கப்பலை ஓட்டு."

சுவர்கள் ஒரு குலுக்குக் குலுங்கிக் கிட்டே வந்தன. கதவு கொஞ்சம் பெரிதானது.

அட, இவ்வளவுதானா! பிரபு ஓட ஓடப் பதக்கங்களைக் கழற்றினார். வருவாய்த்துறை ஒரு சிலைக்கு. வெளியுறவு ஒரு சிலைக்கு. மூக்குடைந்த ஒரு சிலை பிரதமர் பதவியை வாங்கிக்கொண்டு, "பொறுப்பை உணர்ந்து செயல்படுவேன்" என்றது.

"ஐயையோ, என்னை விட்டுட்டுப் போகாதேயும்!" பேரரசர் அவருடைய கோட்டு வாலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கதவு இருவரின் மூக்கிலும் இடித்துத் திறந்தது.

உள்ளே ரோசாலியா பயண உடுப்போடு முக்காலிமேல் நின்றிருந்தாள். காலடியில் பெட்டி. சன்னல் வழியே கையை நீட்டி, உள்ளங்கையால் நட்சத்திரத்தை மறைத்துப் பிடித்திருந்தாள்.

"கை கடுத்துப்போச்சு. சீக்கிரம் உட்காருங்க" என்றாள்.

பிரபுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உட்கார்ந்தார். அவள் கையை எடுத்தாள். நட்சத்திரம் வெளியே வந்தது.

"கூட வந்திருக்கறது யாரு?"

"பேரரசர்."

"சரி. ஒரு தட்டு சும்மாதான் இருக்கு."

போலந்து வீடுகளில் அன்றைக்குச் சொல்லாமல் வருகிற விருந்தாளிக்கென்று ஓர் இடம் போட்டுவைப்பார்கள். பேரரசர் அதில் உட்கார்ந்து பீட்ரூட் சூப்பை ஒரு வாய் குடித்தார்.

"சூடா இருக்கே!" என்றார். கண் கலங்கிவிட்டது. "பிரபு, இதுக்காகவே உம்மை நான்..."

பிரபுவின் நாற்காலி பின்பக்கமாக வாசலை நோக்கி நகர ஆரம்பித்தது. ரோசாலியா சட்டென்று ஒரு கொழுக்கட்டையைப் பேரரசர் வாயில் திணித்தாள். நாற்காலி நின்றது.

பேரரசர் மென்று விழுங்கினார். "உம்மை நான்..."

இன்னொரு கொழுக்கட்டை போனது.

"எங்க பிள்ளைங்களுக்கு எங்க பாஷையில பள்ளிக்கூடம் வேணும். தருவீங்களா?" என்றாள் ரோசாலியா.

வாய் நிறைந்திருந்ததால் பேரரசரால் தலையாட்ட மட்டும்தான் முடிந்தது. ஆட்டினார்.

"ஊருக்கு ஊரு?"

அதற்கும் ஆட்டினார். பிரபு வாயைப் பிளந்தார். இத்தனை வருஷம் பிரதமராக இருந்து என்னத்தைக் கிழித்தோம் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பாத்திரம் காலியாகிவிட்டது. கடைசிக் கொழுக்கட்டையை மென்றபடி பேரரசர் நன்றி பொங்கப் பிரபுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரபு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"மாவு எங்க இருக்கு ரோசாலியா?"