உப்புப் போட்ட கோப்பி

செவ்வாய்க்கிழமை வந்தால் என் மனைவி றோசமலர் ஈரத் துவாய் கேட்பாள். முகத்தை அழுத்தித் துடைப்பாள். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுவாள். பிறகு அறைக் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். டாவிடே வருகிற நாள் அது.

டாவிடே மருந்து தருகிற டொக்டர் இல்லை. ஈரலில் தொடங்கிய புற்றுநோய் எங்கெல்லாமோ போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி றோசமலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி வீட்டில் கிடக்கிறவர்களைப் பார்க்க ஒரு குழு வருகிறது. தாதி வருவாள், ஊசி போடுவாள், போவாள். வலிக்கு மருந்து எழுதுகிற டொக்டர் வருவார், எழுதுவார், போவார். அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. இவன்தான் வெறுங்கையோடு வருவான். தாடி, தலையில் சைக்கிள் தொப்பி, வயது முப்பதைத் தாண்டியிருக்காது. மனப்பாரத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் அவனுடைய உத்தியோகமாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் மனைவியோடு கதைப்பான். அதற்கு அவனுக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

நான் ஸ்ஃபெர்ராகவால்லோ என்கிற கடற்கரை ஊரில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் சமையற்காரன். அவளைப் பார்க்கவென்று லீவு எடுத்துக்கொண்டு நிற்கிறேன். குளிப்பாட்டுகிறவன் நான். கஞ்சி கரைக்கிறவன் நான். இரவில் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்து, அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பாதி நித்திரை கொள்கிறவனும் நான்தான். கதவுக்கு வெளியே நிற்கிறவனும் நானே.

காதைக் கதவோடு வைத்துப் பார்த்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். பிரயோசனம் இல்லை. எனக்குத் தெரிந்தது குசினி இத்தாலியன்: மீன்களின் பெயர்கள், கத்தி, சட்டி, தூஷணம். றோசமலர் அப்படியில்லை. பெரிய வீடுகளில் படுக்கையில் கிடந்த கிழவிகளைப் பராமரிக்கிற வேலை செய்தவள். தண்ணீர் ஓடுகிற மாதிரிக் கதைப்பாள். போதாததற்கு நாங்கள் இருப்பது கபோ சந்தைக்கு மேலே ஒரு வீட்டில். கீழே சந்தையில் வாள்மீன் விற்கிறவன் தொண்டை கிழியக் கத்துவான். அந்தக் கத்தலுக்கு நடுவில் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் அழுதாள்.

என்னோடு குடும்பம் நடத்திய இத்தனை காலத்தில் என் முன்னால் அழாதவள். ஆஸ்பத்திரியில் முடிவைச் சொன்ன அன்றுகூட, "பஸ் வந்திடும், வாங்கோ" என்று எனக்கு முன்னால் நடந்தவள். அவள் தன் சிரிப்பை ஊரில் யாருக்கும் கொடுக்கட்டும், எனக்குக் கவலையில்லை. அழுகை என்னுடையது. அதை எடுத்து நேற்று வந்த ஒரு பொடியனுக்குக் கொடுக்கிறாள்.

"அவனோடை என்ன கதைக்கிறனீர்?" என்று அவன் போன பிறகு கேட்டேன்.

"சும்மா அப்பா. ஊர்க் கதை."

"ஊர்க் கதைக்கு ஏன் அழுறீர்?"

"ஆர் அழுதது?" என்றாள், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

இத்தனைக்கும் அவள் மனம் நோகாமல் நான் எவ்வளவு பார்த்தேன்! சாவு என்ற சொல்லை வீட்டு வாசலுக்குள் விட்டதில்லை. கோவிலில் இருந்து மாக்கிரட் அக்கா பார்க்க வந்து, "ஆண்டவர் கூப்பிட்டா நாங்கள் என்ன செய்யிறது" என்று தொடங்க, அவவைத் தேத்தண்ணியைக்கூட முடிக்க விடாமல் அனுப்பி வைத்தேன். காலையில் எழும்பியதும் றோசமலரைப் பார்த்து, "இண்டைக்கு முகம் நல்ல தெளிவா இருக்கு" என்பேன். "ஓமப்பா, இண்டைக்குப் பரவாயில்லை" என்பாள். முகமும் உண்மையிலேயே தெளிவாகத்தான் இருக்கும். பிறகு நான் நாள் முழுவதும் பகிடி விட்டுக்கொண்டு திரிவேன். இவ்வளவு செய்கிறவனுக்குக் கிடைப்பது "பரவாயில்லை". ஒன்றும் செய்யாதவனுக்குக் கண்ணீர்.

போன செவ்வாய் அவன் வந்தபோது நான் வழக்கம்போலக் கோப்பி போட்டேன். சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்து, உப்பில் ஒரு கரண்டி அள்ளிப் போட்டு, கலக்கி, மரியாதையாகக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். அவன் கதவைச் சாத்தினான். குசினிக்கு வந்து, அவன் துப்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

துப்பவில்லை. கதைத்து முடித்து வெளியே வரும்போது கோப்பை காலியாக இருந்தது. அதைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு என் எதிரில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாக இத்தாலியனில் கேட்டான்.

"பூச்சியத்திலிருந்து பத்துவரை ஓர் இலக்கம் சொல்லுங்கள், ஜோக்கிம். உங்கள் மனம் இன்றைக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது?"

"பூச்சியம்," என்றேன்.

"கோப்பியில் உப்பு இருந்தது."

நான் சீனிப் போத்தலை எடுத்து மூடியை இறுக்கினேன்.

"நோயாளியைப் பார்க்கிறவர்களுக்கு இப்படி வருவதுண்டு. அடுப்பை அணைக்க மறப்பார்கள். சீனி என்று நினைத்து உப்பைப் போடுவார்கள். நித்திரை இல்லை, மனதில் உள்ளதைச் சொல்ல ஆளும் இல்லை. உங்களையும் நாங்கள் கவனித்திருக்க வேண்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்க வேண்டாம். வாழ்நாள் முழுவதும் உப்போடு பிழைத்தவன், சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதவனாம்! வேண்டுமென்று போட்டேன் என்றால் நான் கெட்டவன். தவறிப் போட்டேன் என்றால் நான் விசரன். இரண்டில் எதைச் சொல்வது என்று முழுசிக்கொண்டு இருந்தேன். அவன் என் தோளில் கையை வைத்தான். தட்டிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கண் கலங்கிவிட்டது. அவன் முன்னால் கலங்கிவிட்டதே என்ற கோபம் வேறு. அடுத்த கிழமை என்னோடும் தனியாகக் கதைக்க வேண்டும் என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அறைக்குள் றோசமலர் சிரிக்கிற சத்தம் கேட்டது. இருமலும் சிரிப்புமாக என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சை வாங்கோ. உப்பே போட்டனீங்கள்?"

"தெரியாமல்…"

"போங்கோ அங்காலை. கண்ணை மூடிக்கொண்டு உப்பு அளக்கிற ஆளுக்குத் தெரியாமல் விழுந்ததாம். முதல் வாய் குடிச்ச உடனை அவன்ரை முகம் போன போக்கு! பாவம், மிச்சத்தையும் குடிச்சவன். உங்களுக்குச் சுகமில்லையோ எண்டு கேட்டான். நான் ஓம் எண்டன். உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை."

நான் கட்டில் விளிம்பில் இருந்தேன்.

"எரிச்சலோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். "எரிச்சல்தான். எனக்குச் சொல்லாத எதை அவனுக்குச் சொல்லுறீர்? அவன் வாறான் எண்டா முகம் துடைச்சு வடிவாக்கிறீர். எனக்காக ஒருநாள் துடைச்சனீரோ?"

அவள் தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு சின்னப் பவுடர் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"உங்களுக்குத்தான் பூசுறனான். நீங்கள் எழும்ப முதல். முகம் முழுக்க மஞ்சள் பத்திப்போச்சு, அப்பா. கண்ணாடி பாக்க எனக்கே பயம். நீங்கள் கண்ணை முழிச்ச உடனை என்ரை முகத்தைத்தான் பாப்பியள். அது தெளிவா இல்லாட்டி உங்கடை முகம் விழுந்துபோகும். அதைப் பாக்க எனக்கு ஏலாது. செவ்வாய்க்கிழமை மட்டும் பவுடரைத் துடைக்கிறன். அவனுக்கு முன்னாலை நான் சுகமாயிருக்கத் தேவையில்லை."

நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அவள் தொடர்ந்தாள். முன்பு துறைமுகத்துப் பக்கம் ஒரு சிஞ்ஞோராவைப் பராமரித்தாள், கடைசிக் காலத்தில் கிடந்த பெரிய வீட்டு மனுசி. மகன் வந்து, மம்மா இன்றைக்கு வடிவாக இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் படியிறங்கியதும் மனுசி றோசமலரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவா. ஒருநாள் மகன் எதையோ மறந்து திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டான். அத்தோடு இவளை வேலையால் நிறுத்திவிட்டான்.

"அவனை எவ்வளவு திட்டினனீங்கள், நினைவிருக்கோ?" என்று கேட்டாள்.

திட்டியது நினைவிருந்தது. இப்போது அவன் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

"சரி," என்றேன். "அவனுக்கு என்னதான் சொல்லுறனீர்?"

அவள் ஒரு சின்ன வசனத்தை இத்தாலியனில் சொன்னாள். அதிலிருந்த சொல், நான் வாசலுக்குள் விடாத அந்தச் சொல், எந்தக் குசினிக்காரனுக்கும் தெரியும். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இத்தாலியனிலை சொல்லேக்கை அது வேறை ஆருக்கோ நடக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள். "அதாலை சொல்ல ஏலுது. உங்களுக்குச் சொல்லத்தான் அவனோடை சொல்லிப் பழகிறன். தமிழிலை வாயிலை வருகுதில்லை."

"இப்ப சொல்லும்."

அன்பால் அப்படிக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை. அவள் வாயிலிருந்து வந்த ஒன்று அவனிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை என்பது பொறுக்கவில்லை. அதனால்தான் கேட்டேன்.

"உங்களாலை கேக்க ஏலாது."

"சொல்லும், றோசம்மா. நான் இஞ்சைதான் இருக்கிறன்."

அவள் கனநேரம் என்னைப் பார்த்தாள். பவுடர் இல்லாத முகம். குளிப்பாட்டும்போதெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்ட அந்த மஞ்சளை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. உதடு இரண்டு தரம் அசைந்து நின்றது. பிறகு சொன்னாள்.

"நான் சாகப் போறனப்பா."

அப்படி ஒன்றும் நடக்காது, சும்மா இரும் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. கஷ்டப்பட்டு மூடினேன்.

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். கதவுக்கு வெளியே நின்று கேட்ட அழுகை இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, பயமாயிருக்கு, பயமாயிருக்கு என்று அழுதாள். எனக்கும் பயமாயிருக்கு என்று நானும் சொன்னேன். மீன்காரன் கத்தி ஓய்ந்து, சந்தை முடிந்து, கீழே தண்ணீர் ஊற்றித் தெருவைக் கழுவுகிற சத்தம் வரும்வரை அவளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வசனத்தை டாவிடே எத்தனையோ செவ்வாய்க்கிழமை கேட்டிருப்பான். கேட்டுவிட்டுப் போகட்டும். தமிழில் அதை முதலில் கேட்டவன் நான்.