முன்வாசல்

எழுபத்தாறு வயதில் எங்கள் அக்கா நெட்டாவுக்கு ஒரே பிடிவாதம்: கில்வாரன் கோட்டைக்குள் ஒருமுறையாவது முன்வாசல் வழியாக நுழைந்துவிட வேண்டும். அடுத்த வாரம் கனடாவில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடுகிறாள். இனி ஸ்காட்லாந்துக்குத் திரும்புவது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கும் எனக்கும் தெரியும்.

அந்தக் கோட்டைச் சமையலறையில்தான் நாங்கள் வளர்ந்தோம். அம்மா சாகும்வரை அங்கே சமையல்காரி. எங்களுக்குப் பின்கதவு, பெரிய துரைக்கும் விருந்தாளிகளுக்கும் முன்வாசல். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பின்கதவைத் திறந்தால் ஸ்ட்ராபெரியும் பச்சைப் பட்டாணியும். முன்னால் வெறும் ரோஜா. தின்ன முடிந்தால்தான் எனக்குத் தோட்டம். அக்காவோ ரோஜாக்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா காதைத் திருகி இழுத்துவருவாள்.

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, முத்துமாலையும் நீலக் கோட்டுமாக அக்கா வந்து இறங்கினாள். வாயிலில் கோட்டையைப் பார்க்க வருபவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தவன் டோர்குவில், அந்தக் காலத்துச் சின்னதுரை. முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். கோட்டை இப்போது அவனுடையது, ஒழுகும் கூரையும் அவனுடையதுதான்.

"பின்பக்கமாப் போங்க நெட்டா. இப்ப எல்லாருக்கும் சமையலறை வழிதான்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "கரி சுமந்த வழியில போறதுக்கா காசு குடுத்தேன்?"

"முன்கதவு மழையில ஊறி இறுகிப்போச்சு. அப்பா சவப்பெட்டியை வெளிய எடுத்தப்பத் திறந்தது. அப்புறம் யாரும் தொடல."

"விடேன் அக்கா," என்றேன்.

"நீ சும்மா இருடி. ஏன் சின்னதுரை, எங்கம்மா கேக்கைத் திருடித் திங்க மட்டும் ஓடி வருவியே, அதே கால்தானே? போய்த் திற."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காசுப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான். அவன் உள்ளிருந்து இழுக்க, நாங்கள் வெளியிலிருந்து தோளைக் கொடுத்து முட்ட, இரண்டு கிழவிகளுக்கும் மூச்சு வாங்கிய பிறகு கதவு முனகிக்கொண்டே திறந்தது.

அக்கா மாலையைச் சரிசெய்தாள். மிதியடியில் காலை இரண்டு தடவை துடைத்தாள். நிமிர்ந்து நடந்து போய், கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். சுற்றிலும் மூடிய கதவுகள், மேலே கலைமான் தலைகள். சமையலறையில் கொண்டுபோய் விட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு பால் அறை வரை போகக்கூடியவள் அவள். இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. முதல் தடவையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"டோர்குவில், இங்கேருந்து எங்கம்மாகிட்ட எப்படிப் போறது?"

அவன் தன் கையை அவளுக்குக் கொடுத்தான்.

"எனக்குத் தெரியும், வாங்க. தினமும் ஓடி வந்த வழிதானே."